பேசாச் சுற்று

"உள்ள வரலாமா, இல்ல ஏமாத்துக்காரன் பொண்டாட்டிக்கு உங்க வீட்லயும் இடம் கிடையாதா?"

வலைக்கதவுக்கு வெளியே நின்றபடி ஆர்டிஸ் ஹோகன் கேட்டாள். அடுப்படியில் பலகாரத்துக்கு ருபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டிருந்த டார்கஸ் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"என்ன பேச்சு இது ஆர்டிஸ்! வா, உக்காரு. அண்ணே, செய்தித்தாளக் கீழ வை. ஆர்டிஸ் வந்திருக்கா."

எம்மெட் ராஷ் தாளை மடித்து வைத்தார். மாவட்டத்தின் கால்நடை முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாட்டின் தொடையில் பழைய சூட்டுத் தழும்பின் மேல் புதுச் சூடு விழுந்திருக்கிறதா என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுவார். கிழக்கு மொண்டானாவில் அவர் விரலுக்குப் பயந்து திருட்டைக் கைவிட்டவர்கள் உண்டு. மனைவி போன பிறகு தங்கை டார்கஸ் கூடவே இருக்கிறாள். அவருக்குச் சேர்த்தும் அவளே பேசிவிடுவாள்.

"காப்பி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றாள் ஆர்டிஸ். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளப்புல ஓட்டெடுப்பு. என் வீட்டுக்காரர் வெர்லினைத் தூக்கி வெளிய போடப் போறாங்க. அதுக்குள்ள எனக்கு உண்மை வேணும்."

விஷயம் ஊருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எம்மெட், "முதல்ல இருந்து சொல்லு," என்றார்.

சொன்னாள். பழங்கால அமைப்பில் செய்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களை மட்டும் சுடும் கிளப் அது. கருமருந்து, ஈயக் குண்டு. தொலைநோக்கிக் கண்ணாடி எதுவும் துப்பாக்கி மேல் கூடாது. வருஷப் போட்டியின் கடைசியில் பேசாச் சுற்று வரும். ஓடைப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எண்ணூறு கெஜத்தில் இரும்பு எருமை நிற்கும். அதற்கு ஐந்து குண்டு. சுடுபவரின் பெயரைக் கூப்பிட்டதிலிருந்து ஐந்தாவது குண்டு போகும்வரை மைதானத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பக்கத்தில் தொலைநோக்கி வைத்துக்கொண்டு உட்காரும் கூட்டாளிகூட எங்கே விழுந்தது என்று சொல்லக் கூடாது. இரும்பு 'டங்' என்றால் பட்டது. இல்லையென்றால் இல்லை.

"ஆல்டன் ப்ரூயிட் ஜெயிக்காத வருஷத்தை விரல் விட்டு எண்ணிடலாம். பக்கத்துல எப்பவும் என் வீட்டுக்காரர்தான். இந்தத் தடவை அஞ்சு குண்டு. ஒரு 'டங்' கூட இல்ல."

"அப்புறம்?"

"ஆல்டன் யார் மூஞ்சியும் பாக்காம துப்பாக்கியத் தூக்கிட்டுத் தன் வண்டிக்குப் போனாரு. கொஞ்ச நேரத்துல கத்திக்கிட்டே திரும்பி வந்தாரு. 'என் குறிபாக்கற சைட்டை எவனோ தளத்தி வெச்சிருக்கான், பல்லு ஆடற மாதிரி ஆடுது'ன்னு. போட்டிய நடத்தற வாண்டா தொட்டுப் பாத்தா. ஆடுச்சு. ஆல்டன் படுத்துச் சுட்ட பாயைச் சுருட்டினா, அதுக்கடியில வெர்லினோட திருப்புளி. மான்கொம்புப் பிடியில அவர் பேரெழுத்து சுட்டிருக்கும், எல்லாருக்கும் தெரியும்."

"வெர்லின் என்ன சொன்னாரு?"

"அதான்! ஒண்ணுமே சொல்லல. வீட்டுக்கு வந்து 'நீங்க பண்ணீங்களா'ன்னு கேட்டேன். 'வேலி பாத்துட்டு வரேன்'னு போயிட்டாரு. தீவனக் கடையில ஒருத்தரும் அவருக்குத் தொப்பியத் தொட்டு வணக்கம் சொல்றதில்ல. அந்தக் கிளப்புக்குக் கூரைத் தகரம் அடிச்சவரு அவரு. நம்ம ஊர்ல மழை பொய்க்கும், மாட்டு விலை பொய்க்கும். ஒரு ஆளுக்கு மிஞ்சறது பேரு ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டாங்கன்னா?"

எம்மெட் தாளை மேசையோரம் தள்ளி வைத்தார். "ஆர்டிஸ், நான் தோண்டி எடுத்ததைத் திரும்ப மண்ணப் போட்டு மூட முடியாது. அது உனக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும்னும் இல்ல."

"தோண்டுங்க," என்றாள் அவள்.

கிளப் கொட்டகையின் சாவி, போட்டித் தலைவி வாண்டா ஸ்டீக்கிடம் இருந்தது. ஆறடிப் பெண், ஊர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பூட்டைத் திறக்கும்போதே மன்னிப்புக் கேட்டாள்.

"பாத்துட்டு என்னைத் திட்டாதீங்க. கருமருந்து சுட்ட துப்பாக்கிய அன்னிக்கே ஈரத்துணி விட்டுக் கழுவணும்னு எனக்குத் தெரியாதா? ஆனா சாட்சிப் பொருளாச்சே. அப்படியே பூட்டி வெச்சேன். துருவை நெனச்சா சோறு எறங்கல."

"யாரும் துடைக்கல?"

"விரல் வைக்க விடல."

"நல்லது பண்ணே," என்றார் எம்மெட்.

அவர் ரைஃபிளை ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். டார்கஸ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "எங்க அந்த சைட்டு? குழாய் மேலல்ல இருக்கும்?"

"அது முன்குறி. இதுதான் பின்குறி," என்று வாண்டா காட்டினாள். கட்டை விரல் வளைந்து பிடிக்கும் கழுத்தில், ஒரு சின்ன உலோகத் தண்டு மடங்கிக் கிடந்தது. "நிமித்தினா விரல் நீளத்துக்கு நிக்கும். இந்த வட்டத் தட்டுல ஊசி ஓட்டை இருக்கு பாரு, அது வழியாத்தான் பாக்கணும். தூரம் கூடக் கூட தட்டை மேல ஏத்தணும். தலையில இருக்கற குமிழைத் திருகினா ஏறும். ஒரு முழுச் சுத்துக்கு ஒரு பெரிய கோடு, அதாவது அஞ்சு புள்ளி."

"ஸ்கூல்ல படிச்ச வெர்னியர் மாதிரி இருக்கே."

"அதேதான். காகிதத் தடிமன் மாறினாலும் குண்டு அங்க வேற இடத்துல விழும். அதனாலதான் இதைக் கைக்குழந்தை மாதிரி பாத்துக்கறது. தண்டு மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய், அதுக்கு மேல போட்டா கரி அப்பிக்கும். அடித்திருகாணிய வருஷத்துக்கு ஒருதடவை பாத்தாப் போதும், அதுவும் திருப்புளி முனை இழைச்சு சரியாப் பொருந்தினாத்தான்."

எம்மெட் தண்டை நிமிர்த்தினார். அடித்தகட்டோடு சேர்ந்து மொத்தமும் ஆடியது. சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அடித்திருகாணியின் தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்தட்டை விரலால் கீழே அழுத்தினார். அது அசையவில்லை, தட்டு தண்டில் இறுகத்தான் பிடித்திருந்தது.

"டார்கஸ், உன் கண்ணு நல்ல கண்ணு. இதைப் படி."

டார்கஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். "ஒண்ணு... முப்பத்தொண்ணு."

"வாண்டா, எருமைக்கு ஆல்டன் என்ன வெப்பாரு?"

"ஒண்ணு முப்பத்தாறு. ஊருக்கே தெரியும். தன் நாய்க்கே 'முப்பத்தாறு'ன்னுதான் பேரு வெச்சிருக்காரு அந்தக் கிறுக்கு!"

"அப்ப திருகாணி தளர்ந்ததுல கீழ நழுவியிருக்கு!" என்றாள் டார்கஸ். "கேஸ் முடிஞ்சுது. பாவி வெர்லின்."

எம்மெட் துப்பாக்கியை இருந்த இடத்திலேயே வைத்தார். "வெர்லினும் ஆல்டனும் போட்டியில எப்படி இருப்பாங்க?"

"கிழட்டுப் புருஷன் பொண்டாட்டி மாதிரி," என்று வாண்டா சிரித்தாள். "ஒருத்தர் குமிழைத் திருகுவாரு, இன்னொருத்தர் குனிஞ்சு அளவைப் படிச்சுச் சொல்லுவாரு. 'இன்னும் ரெண்டு, இன்னும் ஒண்ணு, நிறுத்துடா கழுதை.' பேசாச் சுத்துல மட்டும் அது நடக்காது. சகுனம் மாதிரி அந்தக் குமிழை வேற யாரும் அன்னிக்குத் தொடவும் மாட்டாங்க."

பள்ளத்தைச் சுற்றி வண்டி போகும் பாதை உண்டு. இரும்பு எருமையின் மீது ஈயச் சிராய்ப்புகள் வெள்ளி மாதிரி மின்னின. அதன் வயிற்றுக்கு நேர் கீழே, சரிவில், ஒரு சேஜ் புதர் அடியோடு பிய்ந்து கிடந்தது. எம்மெட் மண்டியிட்டுப் பேனாக்கத்தியால் மண்ணைக் கிளறினார்.

"அண்ணே, முழங்கால்! டாக்டர் என்ன சொன்னாரு?"

"பேசாம உன் தொப்பியக் கழட்டிக் குடு."

நசுங்கிய ஈயக் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. தொப்பியை அந்த இடத்தில் கவிழ்த்து வைத்தால் குழி மொத்தமும் மூடிக்கொள்ளும், அவ்வளவு நெருக்கம். வாண்டா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் புரட்டினாள். அடிப்பாகத்தில் மயிரிழைக் கோடு ஒன்று.

"ஆல்டனோட வார்ப்பு. அவர் அச்சுல ஒரு கீறல் இருக்கு. எல்லாக் குண்டுலயும் அந்தக் கோடு விழும்."

"எத்தனை?"

டார்கஸ் எண்ணினாள். "அஞ்சு. அஞ்சுமே அவரோடது. அதுக்கென்ன? படலன்னுதான் ஏற்கெனவே தெரியுமே."

"படலங்கறது தெரியும்," என்றார் எம்மெட். "எப்படிப் படலங்கறதை இதுவரைக்கும் யாரும் கேக்கல."

ஆல்டன் ப்ரூயிட்டின் பண்ணை ஊரிலிருந்து வெகு தள்ளி இருந்தது. அவர் தனியாகத்தான் இருந்தார். பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கும் மகன் வாராவாரம் போனில் ஒரே பாட்டைப் பாடுவான் என்று ஊரே அறியும்: நிலத்தை வித்துட்டு வாங்க, இந்த வயசுல வண்டி ஓட்டாதீங்க.

வண்டி வாசலில் நின்றதும் கொட்டகை நிழலிலிருந்து ஆல்டன் வெளியே வந்தார். வலது கையைக் குழல்போலச் சுருட்டிக் கண்ணில் வைத்து அவர்களைப் பார்த்தார்.

"ஓஹோ, எம்மெட்டா! கூட ஊர் ரேடியோவும் வந்திருக்கு."

"ரேடியோன்னா நிறுத்திக்கலாம், உங்க வாயை என்ன பண்றது?" என்றாள் டார்கஸ். "கை வெச்சுப் பாக்கறதப் பாரு. இன்னும் போட்டியிலயே இருக்கற நெனப்பு!"

"பழக்கம் புள்ள, பழக்கம்."

முப்பத்தாறு வந்து எல்லோர் பூட்ஸையும் முகர்ந்தது. ஆல்டன் காப்பி ஊற்றினார். கோப்பையின் விளிம்புக்குள் ஒரு விரலை நுழைத்து வைத்துக்கொண்டு ஊற்றினார். சூடு விரலில் பட்டதும் நிறுத்தினார்.

"விரல் கழுவினீங்களா?" என்று டார்கஸ் முணுமுணுத்தாள். எம்மெட் அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடினாள்.

"சைட்டு எப்ப ஆடறது தெரிஞ்சுது ஆல்டன்?"

"முதல் குண்டுலயே! ஒவ்வொரு குண்டுக்கும் ஆடுச்சு. இப்படிப் போகும், அப்படிப் போகும். பேசாச் சுத்தாச்சே, என்ன பண்றது, பல்லைக் கடிச்சுக்கிட்டு அஞ்சையும் சுட்டேன்."

"காலையில அளவு வெச்சது யாரு?"

"நான்தான். எருமைக்கு நானே வெப்பேன். அதுக்கப்புறம் காப்பி குடிக்கப் போனேன், துப்பாக்கி தாங்கியில இருந்துச்சு. அப்பத்தான் அவன்..." ஆல்டன் நிறுத்தினார். "நாற்பது வருஷ சிநேகிதம்யா. பொறாமை எங்க ஒளிஞ்சிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

கிளம்பும்போது, வண்டிக் கதவுவரை வந்தவர் மெதுவாகக் கேட்டார். "அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல," என்றார் எம்மெட்.

ஆல்டன் தலையை ஆட்டினார். ஒருகணம் ஆறுதல் மாதிரி ஏதோ ஒன்று அவர் முகத்தில் வந்துபோனதை டார்கஸ்கூடப் பார்த்தாள்.

வெர்லின் ஹோகன் வேலியோரம் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். எம்மெட் வண்டியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். கம்பி மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். டார்கஸை வண்டியிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். அவள் கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்திருந்தாள்.

"அஞ்சும் ஒரே செடியில விழுந்துச்சு. நீங்க தொலைநோக்கியில பாத்தீங்க," என்றார் எம்மெட்.

வெர்லினின் கை நின்றது. "ஆர்டிஸ் அனுப்பினாளா?"

"ஆமா."

"விட்டுடு எம்மெட். கிளப்பு இல்லன்னா செத்துடப் போறேனா? எனக்கு வீட்ல பேச ஒருத்தி இருக்கா. அவனுக்கு அந்த வண்டிச் சாவிய எடுத்துட்டா என்ன மிஞ்சும்?"

"அவருக்காக உங்க பேரைக் குடுக்கறீங்க."

"அவன் பொய் சொல்லல எம்மெட். திருகாணி அதிர்ச்சியில தானாத் தளர்ந்திருக்கும், அவன் நெசமாவே நான்தான் பண்ணேன்னு நம்பிட்டான். திருப்புளிய நானே எங்கயாவது விட்டிருப்பேன். கோவத்துல இருக்கறவன்கிட்ட என்னத்த விளக்கறது? ஒருநாள் தணியும்."

 எம்மெட் கம்பியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"ஏன் அண்ணே அவர்கிட்ட ஒண்ணுமே சொல்லல?" என்று வழியில் டார்கஸ் கேட்டாள்.

"சொல்லியிருக்கணுமோ என்னவோ," என்றார் அவர்.

ஞாயிறு மதியம் கொட்டகையில் நாற்காலி போதவில்லை. பின்மேசையில் காப்பிக் கெண்டியும் பெண்கள் சுட்டுக் கொண்டுவந்த பலகாரத் தட்டுகளும் இருந்தன, யாரும் தொடவில்லை. முன்வரிசையின் ஒரு கோடியில் ஆல்டன், மறுகோடியில் ஹோகன் தம்பதி. நடுவில் மேசைமேல் கழுவாத ரைஃபிள்.

வாண்டா பேசத் தொடங்குவதற்குள் வெர்லின் எழுந்தார்.

"ஓட்டெல்லாம் வேண்டாம். நான்தான் தளத்தினேன். பேரை அடிச்சுடுங்க. ஆர்டிஸ், வா போகலாம்."

ஆர்டிஸ் அசையவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. கொட்டகை முழுவதும் ஆல்டனைத் திரும்பிப் பார்த்தது. அவர் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க வெர்லின்," என்றார் எம்மெட். "அடித்தகட்டுல இருக்கற ரெண்டு திருகாணியில எதுன்னு சொல்லிட்டுப் போங்க. முன்னதா, பின்னதா?"

வெர்லின் தடுமாறினார். "முன்னது."

"பின்னது," என்றார் எம்மெட்.

யாரோ உஸ்ஸென்று மூச்சு விட்டார்கள். எம்மெட் மேசையருகே வந்தார்.

"நான் துப்பாக்கிக்காரன் இல்ல. மாட்டுச் சூடு பாத்தவன். எது மேல எது விழுந்துச்சு, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். வாண்டா, சுடறப்ப உங்களுக்கெல்லாம் கை எப்படி இருக்கும்?"

"கரியும் கொழுப்புமா இருக்கும். குண்டுக்குத் தடவற கொழுப்பு, மருந்துக் கரி, ரெண்டும் கலந்து தொட்ட எடமெல்லாம் ஒட்டும்."

"அந்தத் திருகாணித் தலையப் பாரு."

வாண்டா உருப்பெருக்கியை வாங்கிக் குனிந்தாள். நிமிர நேரமாயிற்று. "தலை பூரா கரி அப்பியிருக்கு. திருப்புளி நுழையற காடியில மட்டும் பளிச்சுனு ஒரு கீறல். கரியக் கீறிக்கிட்டுப் போயிருக்கு."

"காலையில தளத்தியிருந்தா?"

"கீறல் மேல கரி படிஞ்சிருக்கும்." அவள் குரல் இறங்கிவிட்டது. "அப்ப இது... சுட்டு முடிச்ச பிறகு திருகினது."

"முன்னாடியே தளந்திருந்தா சைட்டு ஒவ்வொரு குண்டுக்கும் ஆடியிருக்கும். ஆல்டன் அப்படித்தான் சொன்னாரு. ஆடற சைட்டு குண்டை ஊரெல்லாம் தெளிக்கும். ஆனா அஞ்சு குண்டும் டார்கஸோட தொப்பிக்கடியில கிடந்துச்சு. அன்னிக்கு அவர் அவ்வளவு நல்லாச் சுட்டாரு. எருமை மேல இல்ல, எருமைக்குக் கீழ. இடுப்பு உயரம் கம்மியா, அஞ்சு தடவையும்."

"அளவு நழுவியிருந்துச்சே அண்ணே!" என்றாள் டார்கஸ். கேட்கச் சொல்லி அவர் காலையில் கெஞ்சியிருந்தால்கூட இவ்வளவு சரியாகக் கேட்டிருக்க மாட்டாள்.

"அடித்தகடு தளர்ந்தா மொத்தத் தண்டும் ஆடும். கண்தட்டு தண்டுல ஏறி இறங்காது. அதுக்குத் தனிப் பிடி, அது இறுகத்தான் இருக்கு. முப்பத்தாறு முப்பத்தொண்ணாகியிருக்கு. சரியா ஒரு பெரிய கோடு. நழுவற தட்டு கோடு பாத்தா வந்து நிக்கும்? குமிழுக்கு ஒரு முழுச் சுத்து குறைஞ்சிருக்கு. கண்ணால படிக்காம, கீழேயிருந்து சுத்தை எண்ணி வெச்சவருக்கு எண்ணிக்கை ஒண்ணு தவறிப்போச்சு."



"ஊசி ஓட்டை வழியாப் பாத்தா மங்கின கண்ணுக்கும் தூரத்து எருமை தெளிவாத் தெரியும். அதனாலதான் சுட முடிஞ்சுது. அதனாலதான் வாசல்ல யாரு வந்தாலும் கையச் சுருட்டி விரல் சந்து வழியாப் பாக்கறது. ஆனா அளவுக்கோடு படிக்க எந்த ஓட்டையும் உதவாது. மத்த சுத்துல அதைப் படிச்சுச் சொல்ல ஒரு சிநேகிதர் இருந்தாரு. பேசாச் சுத்துல அவர் வாயைத் திறக்கக் கூடாது."

எம்மெட் ஆல்டனுக்கு முன்னால் போய் நின்றார். "இந்த அளவை நீங்க சரி பண்ணிட்டுத் திருகாணியத் தளத்தியிருந்தா எனக்கு ஒண்ணும் கெடச்சிருக்காது. நீங்க சரி பண்ணல. ஏன்னா, அது தப்பா இருக்கறது இன்னிவரைக்கும் உங்களுக்குத் தெரியாது."

ஆல்டன் தலையைத் தூக்கினார். அறுபது ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. அவற்றில் எத்தனை அவருக்குத் தெரிந்தனவோ.

"ஒரு சுத்தா?" என்று கேட்டார். "ஒரே ஒரு சுத்தா?"

"ஒண்ணே ஒண்ணு."

"வெல்டிங் பொறி பட்டதுலேர்ந்து..." அவர் கண்ணோரத்தைத் தொட்டார். "கருவிழி மேல தழும்பு. கண்ணாடி போட்டாலும் ஆகாதுன்னுட்டான் டாக்டரு. என் பையனுக்குத் தெரிஞ்சா மறுநாளே சாவிய வாங்கிடுவான். ஒரு 'டங்'காவது கேட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். அஞ்சும் போனா எல்லாரும் என் கண்ணைத்தானே பாப்பீங்க? வேற எதையாவது பாக்க வைக்கணும்."

வெர்லின் நின்றபடியே இருந்தார். "நீயாடா தளத்தினே?"

"ஆமா."

"நான்... நீ நம்பிட்டேன்னு நெனச்சேன்டா. நான்தான் பண்ணேன்னு நெசமாவே நம்பிட்டே, அதான் கத்தறேன்னு நெனச்சேன்."

"உன்னை மாட்டி விடணும்னு இல்ல வெர்லின். சத்தியமா. என்னோடதை வண்டியில தேடினேன், கண்ணுக்குத் தட்டுப்படல. பக்கத்துல உன் வண்டியில பெட்டி தொறந்திருந்துச்சு, உன்னோடதுதான் கைக்குப் பக்கத்துல கிடந்துச்சு. கையோட எடுத்துட்டு வந்தது பாய் ஓரத்துல விழுந்து அடியில போயிடுச்சு. அப்புறம் வாண்டா அதை எடுத்து எல்லாருக்கும் காட்டிட்டா... அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது?"

"என் பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம்."



வாண்டா ஓட்டுச்சீட்டுக் கட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். யாரோ கை தட்டப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். தீவனக் கடைக்காரர் வந்து வெர்லினிடம் கையை நீட்டினார். வெர்லின் அந்தக் கையைக் குலுக்கினார். தன்னிடம் யாரோ கொடுத்துவைத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் குலுக்கினார். இன்னும் சிலர் வந்தார்கள். அவர்களுக்கும் அதே குலுக்கல்தான்.

வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஆல்டன் தன் வண்டிக்குப் பக்கத்தில் சாவியோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகனுக்கு வாண்டா ஏற்கெனவே போன் போட்டுவிட்டாள். தலைவி என்ற முறையில் போடாமல் இருக்க முடியாது என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவது யார் என்று அவள் கேட்டபோது எல்லோருக்கும் எங்கோ அவசரமாகப் போக வேண்டியிருந்தது.

வெர்லின் தன் வண்டியைத் தாண்டி நடந்தார். ஆர்டிஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. ஆல்டனுக்கு முன்னால் போய் உள்ளங்கையை நீட்டினார்.

"சாவி."

"வெர்லின், நான் சொல்றதக் கேளு, நான்..."

"ஏறு. வழியில பேசாத. ஒரு வார்த்தை பேசினாலும் வண்டிய அங்கயே நிறுத்திட்டு நடந்து போயிடுவேன்."

ஆல்டன் வண்டியின் பக்கவாட்டைத் தடவித் தடவி மறுபக்கக் கதவைக் கண்டுபிடித்தார். வண்டி சரளைக்கல் பாதையில் இறங்கிப் புழுதிக்குள் மறைந்தது.

ஆர்டிஸ் திறந்த கதவை இன்னும் விடவில்லை. எம்மெட்டும் டார்கஸும் அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். 

"பேரு வந்துடுச்சு," என்றாள் ஆர்டிஸ். "நான் கேட்டதுதானே? வந்துடுச்சு." பிறகு எம்மெட்டைப் பார்த்தாள். "அவரு வீட்டுக்குத் திரும்பி வந்துடுவாருல்ல?"

மதியமெல்லாம் எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருந்தவர் புழுதி அடங்கும்வரை பாதையையே பார்த்தார்.

"அவர்கிட்ட வண்டி இல்ல," என்றார் கடைசியில். "நீ பின்னாலயே போனாத்தான் வர முடியும்."